தேடுபொறியில் நம் சங்கம்: குறைந்த பணத்தை எங்கே செலவிடுவது?

ஏரியில் நீர் குறைந்த காலத்தில் அனுபவமுள்ள குடியானவர் எல்லா வயல்களுக்கும் சிறிது சிறிதாக நீரைப் பங்கிட்டு, எல்லாவற்றையும் வாடவிடுவதில்லை. கதிர் வாங்கும் நிலையிலுள்ள வயல் எதுவெனப் பார்த்து, முதலில் அதற்கே மடையைத் திறக்கிறார். நம் சங்கங்கள் இணையத்தின் வாயிலாக வாடிக்கையாளரைப் பெறுவதற்குச் செலவிடும் சிறு தொகைக்கும் இந்த நியாயமே பொருந்தும்.

இதை எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலித்தபோது, "கூகிளில் முதலிடம் உறுதி" என்ற வாக்குறுதியை நம்பி ரூ. 30,000 கொடுத்த ரசீதைக் கண்டோம். அச்சங்கத்தின் விற்பனை நிலையத்தைத் தேடிப் பார்த்தால், வழக்கொழிந்த பழைய தொலைபேசி எண்ணே தெரிந்தது. அத்தொகை அங்கத்தினர் தறிக்குழியில் அமர்ந்து ஈட்டிய லாபத்தின் ஒரு பகுதியாகும். பஞ்சாயத்தாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்களுக்கு விவரத்தை எடுத்துரைப்பார் இல்லாமற் போனதே குறை.

தேடுபொறி செய்யும் வேலை

தேடுபொறியின் வேலை மூன்று வகைப்படும். இணையப் பக்கங்களைச் சென்று படித்தல் ஒன்று. படித்தவற்றைத் தன் அட்டவணையில் பதிந்து வைத்தல் மற்றொன்று. ஒருவர் ஒரு சொல்லை இட்டுத் தேடும்போது பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்திக் காட்டுதல் மூன்றாவது. விளம்பரம் என்ற குறிப்புடன் வருபவை பணம் கொடுத்துப் பெற்ற இடங்கள். ஏனைய வரிசையில் இடம் தருவதற்குக் கூகிள் பணம் பெறுவதில்லை. அவ்வரிசையில் நம் பக்கம் மேலே வருமாறு பக்கத்தைச் சீர்செய்வதையே தேடுபொறி உகப்பாக்கம் என்கின்றனர். முதலிடத்தை உறுதி செய்ய எவராலும் இயலாது என்று அந்நிறுவனமே கூறியுள்ளது.

முதலில் செய்யத்தக்கது: செலவற்ற வேலை

பணத்தை எடுப்பதற்கு முன் தடைகளை நீக்க வேண்டும். கூகிள் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவியில் சங்கத்தின் இணையதளத்தைப் பதிவு செய்தால், எந்தப் பக்கங்கள் அட்டவணையில் ஏறியுள்ளன, எவை ஏறவில்லை என்பது விளங்கும். அட்டவணையில் ஏறாத பக்கத்திற்கு எவ்வளவு செலவிட்டாலும் அது பூட்டிய கடைக்கு வெள்ளையடிப்பதற்கே ஒப்பாகும்.

அடுத்து, விற்பனை நிலையத்தின் முகவரி, வேலை நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைக் கூகிள் பிசினஸ் புரொஃபைலில் சரியாகப் பதிய வேண்டும். இதற்கும் கட்டணமில்லை. சரக்குப் பட்டியலைப் படமாக மட்டும் வெளியிடும் வழக்கம் நம் சங்கங்களில் மிகுதி. சரக்கின் பெயர், நீள அகலம், நூல் வகை, விலை ஆகியவற்றை எழுத்திலும் தருதல் அவசியம். பக்கம் கைப்பேசியில் எளிதாகத் திறக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கைப்பேசிக்குரிய வடிவத்தையே முதன்மையாகக் கொண்டு பக்கங்களைப் பதியும் முறைக்கு மாறும் பணியைக் கூகிள் 2023இல் நிறைவு செய்துவிட்டது.

எந்தச் சொல்லுக்கு உழைப்பது?

"சேலை" என்ற சொல்லுக்கு முதலிடம் பெற விரும்புவது பேராசை. பெரிய வியாபார நிறுவனங்கள் நிரம்பிய களம் அது. மேலும், அச்சொல்லை இட்டவர் வாங்க வந்தவரா, படம் பார்க்க வந்தவரா என்பதும் தெரியாது. "பவானி ஜமக்காளம் 6க்கு 9 அடி விலை" என்று தேடுபவரோ பணப்பையைக் கையில் வைத்திருப்பவர். பவானி ஜமக்காளம் 2005-06இலும், ஈரோடு மஞ்சள் 2019இலும் புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களைப் பயன்படுத்தும் உரிமைப் பதிவுள்ள சங்கங்கள், ஊரும் சரக்கும் சேர்ந்த இத்தகைய சொற்றொடர்களுக்கே முதலில் உழைக்க வேண்டும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கேள்விகள் கேட்கலாம். தேடுபவர் வாங்கும் எண்ணமுடையவரா? அச்சரக்கு நம் கையிருப்பில் உண்டா? நாம் இப்போது எத்தனையாவது இடத்தில் நிற்கிறோம்? கடைசிக் கேள்விக்கான விடை மேற்சொன்ன கருவியிலேயே கிடைக்கும். எத்தனை முறை நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர், சராசரி இடம் என்ன என்பவற்றை அது காட்டும்.

உதாரணமாக, ஒரு சங்கம் ஒரு சொல்லுக்கு 2ஆம் இடத்திலும், மற்றொன்றுக்கு 14ஆம் இடத்திலும், பிறிதொன்றுக்கு 70ஆம் இடத்திலும் நிற்பதாகக் கொள்வோம். முதற் சொல்லைக் காத்தால் போதும். மூன்றாவதை எட்ட நெடுங்காலம் பிடிக்கும். இரண்டாவதே கதிர் வாங்கும் பயிர். அந்தப் பக்கத்தின் தலைப்பைத் தெளிவாக்கி, வாங்குபவர் கேட்கும் ஐயங்களுக்கு விடையெழுதி, நல்ல படங்களைச் சேர்த்து, தளத்தின் பிற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தால், அது மேலே வருவதற்கு வாய்ப்பு அதிகம். கையிலுள்ள தொகையின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்கலாம்.

வாங்கக் கூடாதவை

ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் சேர்த்துத் தருவதாகச் சொல்வோரிடம் பணம் கொடுத்தல் ஆகாது. இத்தகைய போலி இணைப்புகளைத் தண்டிக்கும் முறையைக் கூகிள் 2012இலேயே கொண்டுவந்தது. பக்கத்தின் மறைவில் குறிச்சொற்களை நிரப்புவதாலும் பயனில்லை. அவற்றை வரிசைப்படுத்தலுக்குக் கருதுவதில்லை என்று அந்நிறுவனம் 2009இல் அறிவித்துவிட்டது. மெய்யான இணைப்புகளோ பணமின்றியே வரும். கண்காட்சி நடத்துவோர், நம் சரக்கை வாங்கி விற்கும் கடைகள், நம்மைப் பற்றி எழுதும் பத்திரிகைகள் ஆகியோரை நம் பக்கத்தைக் குறிப்பிடுமாறு காரியதரிசி கேட்டுக்கொள்ளலாம்.

பலனை அளப்பது

இவ்வேலையின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஆதலால் முழுத் தொகையையும் ஒரே தவணையில் கொடுத்துவிடாமல், செய்து முடித்த வேலைக்கேற்பக் கொடுப்பதே முறை. எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. எத்தனை ஆர்டர்கள் வந்தன என்பதே கணக்கு. விற்பனைப் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேர்த்து, "எங்களை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிவரலாம். மாதந்தோறும் பஞ்சாயத்தார் கூட்டத்தில் அதனைப் பரிசீலித்து, பலன் தராத சொல்லைக் கைவிட்டு, பலன் தந்ததற்கு மேலும் உழைக்கலாம்.

சங்கத்தின் ஒவ்வொரு ரூபாயும் ஓர் அங்கத்தினரின் உழைப்பு. அடுத்த முறை "முதலிடம் உறுதி" என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், பணப்பெட்டியைத் திறப்பதற்கு முன் காரியதரிசி இரண்டைச் சரிபார்க்கட்டும்: நம் தொலைபேசி எண் சரியாகத் தெரிகிறதா? நம் பயிரில் எது கதிர் வாங்குகிறது?