போன் கேமராவும் ஒரு தேய்த்த கண்ணாடியும்

2025ல் வந்த '28 இயர்ஸ் லேட்டர்' படத்தின் பல காட்சிகள் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் எடுக்கப்பட்டவை. "அப்ப நம்ம போனே போதுமே" என்று தோன்றும். ஆனா அந்தப் போனைச் சுற்றி ஒரு உலோகக் கூண்டும், லென்ஸ் மாட்டும் இணைப்பும் இருந்தன. பீஸ்ட்கிரிப் என்ற சின்ன நிறுவனத்தின் தயாரிப்பு. அதைத் தொடங்கியவர் வாடிம் சாலென்கோ. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவின் சிகாகோவில் குடியேறியவர். 2013ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி, முப்பரிமாண அச்சில் உருவாக்கிய பிடிமானத்தோடு ஆரம்பித்தார்.

அவர் முன் இருந்த சிக்கல்கள் இரண்டு.

ஒன்று, வருஷா வருஷம் போனின் அளவும் கேமரா இருக்கும் இடமும் மாறும். அதனால் பிடியையும் லென்ஸ் வளையத்தையும் நகர்த்திப் பொருத்தும்படி வைத்தார்.

இரண்டாவதுதான் கஷ்டமானது. முகம் துல்லியமாக, பின்னணி கலங்கலாகத் தெரிய வேண்டும் என்றால் பெரிய சென்சார் வேண்டும். ஃபுல் ஃப்ரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ.; நல்ல போனிலேயே சுமார் 10 மி.மீ.தான். மென்பொருள் போடும் கலங்கல் தலைமுடி ஓரத்தில் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு அவர் எடுத்தது ஹேண்டிகேம் காலத்து உத்தி. பெரிய கேமரா லென்ஸ் ஒரு தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தை விழவைக்கும். போன், அந்தக் கண்ணாடியைக் கிட்டத்தில் படம் பிடிக்கும். கலங்கல் அங்கேயே தயார்!

சும்மா கிடைக்காதுங்க. வெளிச்சம் குறையும், படம் தலைகீழாக வரும், செயலியில் திருப்ப வேண்டும். ஆனாலும் பெரிய கேமரா வாங்க முடியாதவருக்கு, இருக்கிற போனிலேயே சினிமாவின் ஒரு முக்கியமான கருவி கைக்கு வந்துவிட்டது.