மரத்தளம் வாங்குமுன் ஈரத்தை அளந்து பாருங்கள்

ரொறன்ரோவிலும் அதனைச் சூழ்ந்த நகர்களிலும் சொந்த வீடு வாங்கும் நம்மவர்களுள் பலர், குடிபுகுந்த கையோடு பழைய கம்பளத்தைக் கழற்றி வீசிவிட்டு மரத்தளம் பதிக்க விரும்புகின்றனர். வங்கிக் கடனைக் கட்டுவதற்கு இரண்டு வேலை பார்க்கும் குடும்பத்திற்கு இது சிறிய செலவன்று. கடைக்குச் செல்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எந்த மரம் உறுதியானது?" என்பதே. முதிரையிலும் பாலையிலும் செய்த கதவு நிலைகளைக் கண்டு வளர்ந்தவர்கள் இவ்வாறு கேட்பது இயல்பு. ஆயினும் இந்த நாட்டில் மரத்தளத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது மரத்தின் வைரத்தைக் காட்டிலும் வீட்டின் ஈரமே என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.

மரத்தின் வன்மையை ஜாங்கா என்னும் அளவால் குறிப்பர். 0.444 அங்குல விட்டமுள்ள உருக்குக் குண்டு ஒன்றை மரத்தினுள் பாதியளவு அமிழச்செய்வதற்கு வேண்டிய விசையே அது. கறுப்பு வோல்நட் 1,010 இறாத்தல், சிவப்பு ஓக் 1,290, வெள்ளை ஓக் 1,360, மேப்பிள் 1,450. சாதாரண குடும்பத்திற்கு ஓக் போதுமானது. அதன் ஆழ்ந்த வரிகள் சிறு கீறல்களை மறைத்துவிடும். மேப்பிள் அதனிலும் வலிதாயினும் அதன் வழுவழுப்பான முகத்தில் ஒவ்வொரு கீறலும் தெரியும். விலையுயர்ந்த அயல்நாட்டு மரங்களைத் தேடி அலையவேண்டிய தேவை எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இனி ஈரத்திற்கு வருவோம். மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும். காற்று வரண்டால் சுருங்கும். நீளவாக்கில் இம்மாற்றம் மிக அற்பம். அகலவாக்கிலேயே அது நிகழ்கின்றது. பனிக்காலத்தில் சூடாக்கி இடைவிடாது இயங்கும்போது வீட்டுக் காற்று வரண்டு பலகைகளுக்கிடையே இடைவெளி தோன்றும். கோடையில் அவை மீண்டும் நெருக்கிக்கொள்ளும். எனவே பலகைப் பெட்டிகளைக் குளிர்ந்த கார்க்கொட்டகையில் அடுக்கிவைத்திருந்து, பதிக்கும் நாளன்று உள்ளே கொண்டுவருவது தவறு. மக்கள் வாழும் வெப்பநிலையில் உள்ள வீட்டினுள் அவற்றைச் சில நாட்களேனும் வைத்து, பின்னர் ஈரமானியால் அளக்கவேண்டும். மரத்தின் ஈரம் பொதுவாக 6 முதல் 9 வீதம் வரை இருத்தல் நன்று. கீழேயுள்ள பிளைவூட் பலகையையும் அவ்வாறே அளக்கவேண்டும். 3 அங்குலத்திற்குக் குறைந்த அகலமுடைய பலகையாயின் இரண்டிற்குமிடையிலான வேறுபாடு 4 வீதத்தையும், அதற்கு மேற்பட்ட அகலமாயின் 2 வீதத்தையும் தாண்டலாகாது. வேலைக்கு வருபவரிடம் ஈரமானி இல்லையெனில், அவர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் வேறொருவரைத் தேடுங்கள்.

முக்கால் அங்குலத் தடிப்புள்ள முழுமரப் பலகையைத் தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்களுக்குச் செங்குத்தாகவே ஆணியடித்துப் பதிக்கவேண்டும். சுவரோரத்தில் ஏறத்தாழ முக்கால் அங்குல இடைவெளி விடுவது கட்டாயம். பேஸ்போட் சட்டம் அதனை மறைத்துவிடும். இடைவெளியின்றிச் சுவரோடு இறுக்கிய தளம் கோடையில் விரிய இடமின்றி நடுவே மேலெழும்பும்.

பேஸ்மென்றில் முழுமரப் பலகையைப் பதிக்கவே கூடாது. நிலத்தின் ஈரம் சீமெந்தினூடாக ஏறிக்கொண்டேயிருக்கும். ஒட்டுப்பலகை அடுக்குகளின்மேல் அசல் மரப் படலம் ஒட்டிய 'எஞ்சினியேட்' பலகையே அங்கு ஓரளவு பொருந்தும். அதற்கும் கீழே ஈரத்தடைத் தாள் வேண்டும். சுவரில் நீர்க் கசிவு இருப்பின் முதலில் அதனைத் திருத்தவேண்டும். கசிவின்மேல் அழகிய தளத்தைப் போட்டு மூடினால் பூஞ்சணம் அடியில் வளரும். அவ்வறையில் வாடகைக்கு இருப்பவர் அண்மையில் வந்த அகதி விண்ணப்பதாரராகவும் இருக்கலாம். அக்காற்றைச் சுவாசிப்பது அவரது குழந்தையே என்பதை வீட்டுக்காரர் எண்ணிப்பார்க்கட்டும்.

இத்தொழிலில் கைக்கூலிக்கு இறங்கியுள்ள நமது இளைஞர்களுக்கும் ஒரு சொல். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. மூக்குப் புற்றுநோயுடன் அது தொடர்புடையது. தளத்தை உரஞ்சும்போது தூசி தடுக்கும் சுவாசக் கவசம் அணியாமல் நிற்காதீர்கள். துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது போதாது. இதனினும் கொடியது பழைய வீடுகளின் கம்பளத்தின் கீழ் மறைந்துகிடக்கும் 9 அங்குலச் சதுர வினைல் ஓடுகள். அவற்றிலும் அவற்றின் பசையிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கனடா அஸ்பெஸ்ரஸைத் தடைசெய்தது 2018இல்தான். பரிசோதனை செய்யாமல் அவற்றை உடைக்கவோ உரஞ்சவோ வேண்டாம். "சும்மா பெயர்த்தெறி தம்பி" என்று முதலாளி கூறினாலும், ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் தொழிலாளிக்கு அளித்துள்ளது. எண்ணெய்ப் பூச்சுத் தோய்ந்த துணிகளையும் குவித்துவிட்டுப் போகலாகாது. அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும்.

வெள்ளிக்கிழமை தோறும் வாளி நீர் ஊற்றிக் கழுவும் நமது வழக்கம் சீமெந்துத் தரைக்கு உரியது. மரத்தளத்திற்கு நன்கு பிழிந்த துணியே போதும். புதுவீட்டில் பால் பொங்குவதைச் சமையலறை ஓட்டுத் தரையில் வைத்துக்கொள்ளலாம். பலகை வாங்கும்போது அறையின் பரப்பளவைவிட 5 முதல் 10 வீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சுவதை வீட்டினுள்ளேயே, கட்டிலின் கீழோ அலுமாரியின் பின்னாலோ பத்திரப்படுத்துங்கள். சில ஆண்டுகளின்பின் ஒரு பலகை பழுதானால் அதே நிறத்தில் கடையில் கிடைப்பது அரிது.