கடையின் பின்பக்கம்

நோன்பு காலத்தில் அஸர் தொழுகை முடிந்த கையோடு கல்முனைப் பிரதான வீதிக்கு வந்தால், சாப்பாட்டுக் கடை வாசல்களில் மேசைகள் முளைத்திருக்கும். சமூசா, ரோல்ஸ், கட்லட், வாளி வாளியாகக் கஞ்சி. வாங்குகிறவருக்குத் தெரிவது மேசை மட்டுந்தான். ரோல்ஸுக்குள் போன இறைச்சி காலையிலிருந்து எங்கே கிடந்தது, உருட்டியவர் கை கழுவினாரா, கழுவிய தண்ணீர் எங்கே போனது என்றெல்லாம் அவர் விசாரிப்பதில்லை. விசாரிக்க நேரமும் இல்லை. மஃரிப் பாங்குக்குள் வீடு போய்ச் சேர வேண்டும்.

அவர் பார்க்காத அந்தப் பின்பக்கத்தை அவருக்காகப் பார்த்துவர ஊர் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. காசு மேசைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருக்கும் வியாபார அனுமதிப்பத்திரம் அந்த ஏற்பாட்டின் முகம். அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

'லைசன்ஸ்' என்றதும் சிலருக்கு மதுக்கடை ஞாபகம் வரும். அது வேறு கணக்கு. மது விற்க அனுமதி 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மதுவரித் திணைக்களம் பார்க்கும் காரியம். ஹோட்டல், தேத்தண்ணிக் கடை, பேக்கரி, சலூன் போன்றவைதான் உள்ளூராட்சி சபையின் கைக்குள் வருகின்றன. கல்முனையில் அந்தச் சபை, வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வரை நீளும் மாநகர சபை. 1987இல் கல்முனைப் பட்டின சபையும் கரவாகுக் கிராம சபைகளும் ஒன்றாகிப் பிரதேச சபையாகி, 2001இல் மாநகர சபையானது. அதன் அதிகாரம் 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது.

அந்தச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்துக்கு ஆயுள் ஒரு வருடம். எந்த மாதம் எடுத்தாலும் டிசம்பர் 31உடன் காலாவதி. கட்டணம் இடத்தின் ஆண்டுப் பெறுமதியைப் பொறுத்தது; மாநகர சபைகளில் சாதாரணக் கடைக்கு அதன் உச்சம் 5,000 ரூபா. நாலைந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒருமுறை வயிறாறச் சாப்பிட்டால் ஆகும் செலவு. அப்படியென்றால் சபைக்கு வேண்டியது பணமா? பணமும்தான். அதைவிட முக்கியமானது, வருடத்துக்கு ஒருமுறை 'இல்லை' என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பம். ஒருமுறை கொடுத்தால் ஆயுளுக்கும் செல்லும் என்றால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடும்.

ஆனால் பத்திரம் கொடுக்கிற மேசைக்குக் குசினி தெரியாது. அதற்குத்தான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊர் வாயில் பி.எச்.ஐ. முன்பு இவருக்குச் 'சனிட்டரி இன்ஸ்பெக்டர்' என்று பெயர். 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவை முன்மாதிரியாக வைத்து, பிரதேசத்துக்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள் என்ற ஒழுங்கு நாடெங்கும் பரவியது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் இவருக்குக் கடைக்குள் நுழையவும், மாதிரி எடுக்கவும், கைப்பற்றவும் அதிகாரம் தருகிறது.

இவர் கையில் வரும் படிவத்துக்கு எச் 800 என்று பெயர். சுற்றாடல், கட்டடம், தண்ணீர், களஞ்சியம், பாத்திரங்கள், கழிவகற்றல், வேலையாட்களின் சுத்தம் என்று தலைப்புத் தலைப்பாகப் புள்ளி போட்டுக் கூட்டினால் கடை ஏ, பி, சி, டி என்று ஒரு தரத்தில் வந்து நிற்கும். படிவத்தை நிரப்ப யாராலும் முடியும். எதை, எந்த நேரத்தில் பார்ப்பது என்பதில்தான் தொழில் இருக்கிறது.

உதாரணத்துக்குச் சோற்றை எடுத்துக்கொள்வோம். இரவு பிரைட் ரைஸ் போடுவதற்குப் பகலிலேயே சோறு வடித்து அகன்ற தாச்சியில் ஆற வைப்பது வழக்கம். அரிசியோடு 'பசிலஸ் சீரியஸ்' என்ற பக்டீரியாவின் வித்திகள் ஒட்டியிருக்கலாம். கொதிநீரில் பக்டீரியா சாகும். தடித்த கோதுக்குள் இருக்கும் வித்தி சாகாது. சோறு ஆறி இந்தக் கரையோரத்துப் பகல் வெக்கைக்கு வந்ததும் வித்தி முளைக்கிறது, பெருகுகிறது, ஒரு நஞ்சைச் சோற்றுக்குள் விடுகிறது. பிறகு எவ்வளவு பெரிய நெருப்பில் போட்டுக் கிளறினாலும் அந்த நஞ்சு அழியாது. தின்றவருக்கு ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி. சோறு மணக்காது, புளிக்காது, நிறம் மாறாது. மூக்குக்கும் நாக்குக்கும் இதில் வேலையில்லை. வெப்பமானிக்குத்தான் வேலை. சூடாக வைப்பதென்றால் 60 பாகை செல்சியசுக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 பாகைக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஆகவே விவரமான பரிசோதகர் பின்னேரம் நாலு மணிக்கு வருவார். வந்து, 'காக்கா, ராவைக்குச் சோறு எப்ப வடிச்ச?' என்று கேட்பார். சாதாரணக் கேள்விபோல இருக்கும். மொத்தப் பரிசோதனையும் அதற்குள் இருக்கிறது.

அடுத்து, குசினிக் கதவுக்கு வெளியே. கல்முனையும் சாய்ந்தமருதும் நிந்தவூரும் மணலில் உட்கார்ந்திருக்கும் ஊர்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியிலிருக்கும் உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. நம் கிணறுகள் அந்தப் படையைத்தான் தொடுகின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் ஏறி இறங்கிய பிறகு கிணறுகள் எத்தனை காலம் உப்பாகக் கிடந்தன என்பதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேலே விட்டது கீழே வரும் என்பதுதான் மணலின் குணம். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரையும் மலசலகூடக் குழியையும் பற்றிப் பரிசோதகர் பிடிவாதம் பிடிப்பது கடைக்குச் சாப்பிட வருகிறவரை மட்டும் நினைத்து அல்ல; அந்தக் கடையில் ஒருநாளும் சாப்பிடாத பக்கத்து வீட்டுக்காரரின் கிணற்றையும் நினைத்து.

இறைச்சிக் கடைக்குத் தனி லைசன்ஸ், அதற்குப் பழைய சட்டம்: 1893ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம். நினைத்த இடத்தில் அறுக்க முடியாது; மாடறுக்கும் மடுவத்தில்தான் அறுக்க வேண்டும். போயா தினத்தில் கடை பூட்டு. பசு அறுப்பதற்கு 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் தனிக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மடுவத்தில் மாட்டை இரண்டு முறை பார்ப்பது முறை. நிற்கும்போது: நடை, மூச்சு, கண், மூக்கில் வடிகிறதா. அறுத்த பிறகு: நுரையீரல், நிணநீர்க் கணுக்கள், ஈரல். ஈரலில் பித்தக் குழாய் ஓடும் இடத்தைக் கத்தியால் கீறி அமுக்கினால், புழு இருந்தால் இலை வடிவில் தட்டையாக வெளியே வழுக்கி வரும். நீர்நிலை ஓரங்களில் மேயும் மாடுகளுக்கு வருவது அது. அந்த ஈரல் கடைக்குப் போகக் கூடாது.

சரி, பிழை பிடித்தாகிவிட்டது, இனி என்ன? முதலில் எழுத்தில் அறிவித்தல்: இன்ன இன்ன குறை, இத்தனை நாளுக்குள் சரிசெய்யவும். நாள் முடிந்ததும் திரும்ப வருவார். பெரும்பாலான கடைக்காரர்கள் அதற்குள் ஓடு மாற்றி, வலை அடித்து, வேலையாட்களுக்கு மருத்துவச் சான்றிதழ் எடுத்துவிடுவார்கள். மாற்றாதவருக்கு நீதவான் நீதிமன்றம். காலாவதிப் பொருளோ பழுதான இறைச்சியோ என்றால் கைப்பற்றி நீதிமன்றத்தில் ஒப்படைத்து, உத்தரவு பெற்று அழிப்பார்கள்.

கலப்படம் என்று சந்தேகித்தால் எடுக்கும் மாதிரியில் ஒரு நுட்பம் உண்டு. மிளகாய்த் தூள் என்று வையுங்கள். அதை மூன்று பங்காகப் பிரித்து, கடைக்காரர் கண்முன்னே மூன்றுக்கும் முத்திரை வைக்கிறார்கள். ஒன்று கடைக்காரரிடம். ஒன்று அங்கீகரிக்கப்பட்ட பகுப்பாய்வாளரிடம். ஒன்று பரிசோதகரிடம் பத்திரமாக. 'என் கடைத் தூளே இல்லை அது' என்று கடைக்காரர் நீதிமன்றத்தில் சொன்னால், உடைக்காத முத்திரையோடு இன்னும் இரண்டு பொட்டலங்கள் சாட்சிக்கு இருக்கின்றன. பரிசோதகர் வேண்டுமென்றே மாட்டிவிட நினைத்தாலும் அதே பொட்டலங்கள் அவருக்கும் எதிராக நிற்கும்.

முழு ஏற்பாடும் இந்த மூன்று பொட்டலத்தைப் போலவே கட்டப்பட்டிருக்கிறது. பத்திரம் தருவது சபை. பார்ப்பது பரிசோதகர். சோதிப்பது பகுப்பாய்வாளர். தண்டிப்பது நீதவான். எவருடைய வாயும் தனியே தீர்ப்பாகாது. சொந்தமும் சம்பந்தமும் பின்னிக் கிடக்கும் சின்ன ஊர்களில், கடை முதலாளி பரிசோதகருக்கு மச்சான் முறையாகவும் இருக்கக்கூடிய இடத்தில், இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் காரியம் நடக்காது. இழுத்தடிப்பும் இதிலேதான் பிறக்கிறது: நாலு கை மாற வேண்டிய கோப்பு எந்தக் கையிலும் தூங்கலாம்.

கடைசியாக ஒன்று. நம் ஹோட்டல்களில் கை கழுவும் பேசின் பெரும்பாலும் உள்ளே, குசினிக்குப் போகிற வழியில்தான் இருக்கும். பரிசோதகர் வருடத்தில் சில நாள் வருவார். நீங்கள் வாரத்தில் சில நாள் போகிறீர்கள். கை கழுவப் போகும்போது தலையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். திரும்பி வந்து காசு கொடுக்கும்போது, மேலே மாட்டியிருக்கும் பத்திரத்தில் எந்த வருடம் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள்.