கடகரேகைக் கரையில் ஒரு நண்பகல்

ஞாயிறு வடக்கு நோக்கிச் செல்லும் செலவுக்கு ஓர் எல்லை உண்டு. அதனைக் கடகரேகை என்பர். ஆண்டில் ஒரே ஒரு நாள், யூன் 21ஆந் திகதியளவில், நண்பகல் ஞாயிறு அக்கோட்டின்மேல் உச்சியில் நின்று பின் தெற்கே திரும்பும். யாழ்ப்பாணத்து வாழும் நமக்கோ சித்திரையில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் நிழல் காலடியில் ஒடுங்குகின்றது. ஏட்டிற் படித்து மாணவர்க்குப் பன்முறை உரைத்த அக்கோட்டைக் கண்ணாற் காணும் வாய்ப்புச் சென்ற புரட்டாதியில் எனக்கும் என் இல்லாளுக்கும் கிட்டியது.

எங்கள் மகள் தைவான் தீவிலே கல்வி பயில்கின்றாள். அவள் மோட்டார் வண்டியைச் செலுத்த, ஹுவாலியன் நகரிலிருந்து தைதுங் நோக்கிக் கிழக்குக் கரையோரமாகச் செல்லும் 11ஆம் இலக்கப் பெருந்தெருவிற் புறப்பட்டோம். வலப்புறம் முகில் தவழும் மலைத்தொடர். இடப்புறம் பசுபிக் சமுத்திரம். இரண்டுக்குமிடையே ஒடுங்கிய நிலத்தில் நெல்வயல்களும் கமுகந்தோட்டங்களும். ஏறக்குறைய 70 கிலோமீற்றர் சென்றதும், சியூகுலுவான் ஆறு கடலொடு கலக்குமிடத்துக்கு அண்மையில், ஜிங்பு என்னும் சிற்றூர் வந்தது. அங்கே நெடுகப் பிளவுபட்ட வெண்ணிறத் தூண் ஒன்று கடகரேகையைக் காட்டி நிற்கின்றது. அதற்குத் தெற்கே அயன வலயம். வடக்கே உப அயன வலயம்.

என் இல்லாள் வடபாலும் நான் தென்பாலும் நின்றோம். நண்பகலாதலின் என் நிழல் கோட்டைக் கடந்து அவள் பக்கம் விழுந்தது. அப்போது மகள் கூறினாள்: “ஐயா, இத்தூண் நாட்டிய இடத்திலேயே நிற்கின்றது. ஆனால் பூமியின் அச்சுச் சாய்வு சிறிது சிறிதாகக் குறைவதனால், கோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 15 மீற்றர் தெற்கே நகர்கின்றது.” பெயரின் கதையும் அத்தகையதே. அப்பெயரை இட்டவர் காலத்தில் ஞாயிறு கடக விண்மீன்களிடையே நின்று திரும்பிற்று. இன்று திரும்பும் நாளில் அங்கே நிற்பதில்லை. நமது பஞ்சாங்கத்திலும் கடகப் பிரவேசம் யூலை நடுப்பகுதியில், ஆடி முதலாம் நாளன்றோ வருகின்றது!

அவ்வூர் அமிஸ் என்னும் ஆதிக்குடிகளின் ஊர். தைவான் அரசு ஏற்றுக்கொண்ட 16 ஆதிக்குடிகளுள் தொகையால் மிக்கவர் இவரே. மகளுக்கு அறிமுகமான ஒரு மூதாட்டியின் வீட்டில் மதிய உணவு. கமுகமட்டையை மடித்துக் கலமாக்கி, நீரும் மீனும் இலைகளும் இட்டு, தீயிற் பழுக்கக் காய்ச்சிய கற்களை அதனுட் போட்டார்கள். கணப்பொழுதில் நீர் கொதித்தது. இதனைச் சமைப்பவர் ஆடவரே என்பது கண்டு என் இல்லாள் என்னை ஒருமுறை நோக்கினாள்.

அமிஸ் மக்களின் பழைய வழக்கத்தில் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். மணந்த ஆடவன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். ஊர்க் கருமங்களை ஆடவர் வயதுக்குழுக்களாக நின்று நடத்துவர். இன்று அவ்வழக்கம் பெரிதும் தளர்ந்துவிட்டது. எனினும் மூதாட்டி மகள்வாயிலாக வினவினார்: “நீங்கள் வாழ்வது யார் வீட்டில்?”

“என் சீதன வீட்டில்” என்றாள் என் இல்லாள். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. இவள் மேலும் சொன்னாள்: “வீடும் வளவும் என்னுடையவை. ஆனால் யாருக்கேனும் கொடுப்பதாயின் இவர் கையொப்பம் வேண்டும்.”

“ஏன்?” என்றார் மூதாட்டி.

மகள் என்னை நோக்கினாள். முப்பது ஆண்டுகளாக இலக்கண ஐயங்களுக்கு விடை கூறிய எனக்கு அவ்வொரு சொல்லுக்கு விடை வரவில்லை.

தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்தனர். சீதனம் பெண்வழிச் செல்வது நமது பழைய மரபு. 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமோ மனைவியின் ஆதனம் அவளுக்கே உரியது என்று கூறி, அசையாத ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. இதனை நான் அறிவேன். ஆனால் மூதாட்டி கேட்டது சட்டத்தையன்று.

போரில் வீடிழந்து வந்த தன் தங்கைக்கு வளவின் பின்புறத்தில் இரண்டு பரப்பைக் கொடுக்க என் இல்லாள் விரும்பினாள். “பார்ப்போம்” என்றேன். அச்சொல்லைச் சொல்லி எட்டு ஆண்டுகள் கழிந்தன. நான் மறுத்ததில்லை, கையொப்பமிட்டதுமில்லை. அவள் ஒருமுறைதான் கேட்டாள். மறுமுறை கேளாமையை உடன்பாடு என்று எண்ணிக்கொண்டேன். அன்று அக்கடற்கரையிலும் அதனை அவள் எடுத்துரைக்கவில்லை. மட்டையில் எஞ்சிய மீனை எனக்கே இட்டாள்.

இரண்டு மணி நேரத்தில் விடைபெற்றோம். வண்டி தூணைக் கடந்து தெற்கே சென்றது. நெடுந்தூரம் ஒருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய கிழமையே நொத்தாரிசிடம் சென்று நன்கொடை உறுதியிற் கையொப்பமிட்டேன். அவள் நன்றி கூறவில்லை. கூறவேண்டிய கடனும் அவளுக்கில்லை. வீடு வந்ததும் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, வேலிக்குக் கதியால் பார்த்துவைக்கும்படி சொன்னாள். மாரிக்கு முன் நட்டால்தான் வேர்பிடிக்குமாம்.