முடி நரைத்த மாணவர்கள்



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள் நம் பெரியவர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட இந்தப் பழமொழியை நம்மில் பலர் நமக்கே பூட்டாகப் போட்டுக்கொள்கிறோம். ஓய்வு பெற்ற ஒருவரிடம், "கணினி பழகுங்களேன்" என்றால், "இனிமேல் எனக்கு எதற்கு?" என்று கேட்பார். ஆனால் முடி நரைத்த பிறகும் மாணவராக வந்து சேர்கிறவர்கள் உண்டு. அவர்களும் பங்கு கொள்ளும் ஒரு பட்டறையைப் பற்றி இன்று பார்ப்போம்.

அது புகைப்படங்களைத் திருத்தும் மென்பொருள் உருவாகும் பட்டறை. அதற்குச் சுவரும் கூரையும் இல்லை. பல நாட்டவர் இணையத்தின் வழியாகக் கூடி வேலை செய்கிறார்கள். மென்பொருள் என்பது கணினிக்காக எழுதப்படும் கட்டளைகளின் தொகுப்பு. விலைக்கு விற்கப்படும் மென்பொருளின் கட்டளைகளை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியே காட்டுவதில்லை. திறமூல மென்பொருளிலோ அவை எல்லார் கண்ணுக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

கிம்ப் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 1995இல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், பெர்க்கிலி வளாகத்தில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் அதைத் தொடங்கினார்கள். அவர்கள் விலகிய பிறகும் வேலை நிற்கவில்லை. வேறு தொண்டர்கள் எடுத்து நடத்தினார்கள். 1998இல் முதல் முழுப் பதிப்பு வந்தது. 2025இல் மூன்றாம் பதிப்பு வந்தது. டிஜிகேம், டார்க்டேபிள் என்பவையும் இவ்வாறே பலர் கைபட்டு வளர்ந்தவை.

கட்டளை எழுதத் தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை நிறைய உண்டு. ஒன்றைச் சொல்கிறேன். கேமராவில் இருக்கும் லென்ஸ், நேர்க்கோட்டைச் சில வேளைகளில் வளைத்துக் காட்டும். லயத்து வீடுகளை அகலமாகப் படம் எடுத்தால் கூரையின் விளிம்பு வில்லாக வளைந்து தெரியலாம். எந்த லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது என்று அளந்துவிட்டால், கணினி அதை நிமிர்த்திவிடும். அந்த அளவுகளைச் சேர்த்து வைக்கும் திட்டத்தின் பெயர் லென்ஸ்ஃபன். நீண்ட நேர்க்கோடுகள் உள்ள கட்டடத்தைத் தம் கேமராவில் கவனமாகப் படம் பிடித்து அனுப்பும் சாதாரண மனிதர்களால்தான் அந்தத் தொகுப்பு பெருகியது.

வழிகாட்டி நூல் எழுதலாம், சொற்களை மொழிபெயர்க்கலாம், கோளாறுகளைத் தெரிவிக்கலாம். ஆனால் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தினோம், பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப் பழகுவதே ஒரு கல்வி.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். அங்கே ஒருவர் அனுப்பும் திருத்தம் உடனே சேர்க்கப்படுவதில்லை. பொறுப்பாளர்கள் வரிவரியாகப் பார்ப்பார்கள். "இது சரியில்லை, மாற்றி அனுப்புங்கள்" என்பார்கள். சொல்கிறவருக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கேட்கிறவருக்கு அறுபத்தைந்து இருக்கலாம். முன்பு நூறு பேருக்கு மேலதிகாரியாக இருந்தவர் என்பது அங்கே செல்லாது. கோபித்துக்கொண்டு போகிறவர் போய்விடுவார். "எங்கே தவறு? சொல்லுங்கள் தம்பி" என்று கேட்கிறவர் கற்றுக்கொள்வார். அந்த இளைஞரின் வேலையையும் இன்னொருவர் இப்படியே சோதிப்பார்.

இதைத்தான் பணிவு என்கிறேன். நம் முன்னோர் துரையின் முன்னே கைகட்டி நின்றார்களே, அது பணிவா? அது அச்சம். அங்கே தலை குனிந்தது ஆளுக்கு. இங்கே தலை குனிவது வேலைக்கு. பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு இது தெரியும். முப்பது ஆண்டு கத்தி பிடித்தவரும் புது மரத்தில் பட்டையின் கனம் பார்த்துத்தான் கத்தியை வைப்பார். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும். அனுபவசாலி என்று மரம் சலுகை காட்டாது. அப்படிப் பார்த்து வைப்பதால் அவருடைய மதிப்பு குறைந்துவிடுகிறதா?

தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோன வீடுகளிலும் பழைய படங்கள் இருக்கின்றன. தாத்தாவின் திருமணப் படத்தில் பூஞ்சை படர்ந்திருக்கும். அந்தப் படத்தைக் கணினியில் ஏற்றி, ஒரு நகலை மட்டும் எடுத்து, கறையின் பக்கத்திலுள்ள நல்ல பகுதியைப் படியெடுத்துக் கறையின்மேல் பதித்து மறைக்க கிம்ப்பில் வழி உண்டு. பணம் கட்ட வேண்டியதில்லை. மூலப்படத்தை மட்டும் தொடாமல் வைத்திருங்கள்.

பெரியவர்களே, தெரியாததைப் பேரப்பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளைகளே, தாத்தா ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். படத்தில் நிற்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கணினி உங்களுக்குத் தெரியும்; அந்த முகங்களின் பெயர் அவருக்குத்தான் தெரியும்.