ஷென்யாங்: ஆலைகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள்

வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் மாகாணத் தலைநகர் ஷென்யாங். அங்குள்ள டியெஷி பகுதி, 1950களில் சோவியத் உதவியுடன் விரிவடைந்த கனரகத் தொழில் மையம். வேலை மட்டுமல்ல, வீடு, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாமே ஆலைகளின் பொறுப்பில் இருந்தன.

பொருளாதாரச் சீர்திருத்தம் இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. 1986இல் ஷென்யாங்கின் ஓர் ஆலை திவாலானதாக அறிவிக்கப்பட்டது. மக்கள் சீனத்தில் அதுவே முதல்முறை. 1990களின் இறுதியில் லட்சக்கணக்கானோர் வேலையிழந்தனர். வேலையோடு மருத்துவ வசதியும் பறிபோனது. 2002இல் அருகிலுள்ள லியாவோயாங் நகரில் சம்பளம், ஓய்வூதிய பாக்கி கேட்டுத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர். அவர்களை வழிநடத்தியவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அதே ஆண்டு டியெஷி, புறநகர்த் தொழில் மண்டலத்துடன் இணைக்கப்பட்டது. நகருக்குள் நிலம் விலை அதிகம், புறநகரில் குறைவு. ஆலைகளை வெளியே மாற்றி, பழைய நிலத்தை விற்றுக் கிடைத்த பணத்தில் கடன் அடைக்கப்பட்டது, புதிய இயந்திரங்கள் வாங்கப்பட்டன. காலியான இடங்களில் அடுக்குமாடிகளும் கடைவீதிகளும் எழுந்தன. பழைய வார்ப்பாலை ஒன்று அருங்காட்சியகமானது. பிஎம்டபிள்யூ கார் ஆலையும் வந்தது.

ஆனாலும் இளைஞர்கள் தங்கவில்லை. 2010 முதல் 2020 வரை வடகிழக்கின் மூன்று மாகாணங்களிலும் சேர்த்து மக்கள்தொகை சுமார் 1.1 கோடி குறைந்தது.

உழைத்தவனின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பது இஸ்லாம் வலியுறுத்தும் நெறி. ஒரு நகரின் வளர்ச்சியைக் கட்டடங்களின் உயரத்தால் மட்டும் அளக்க முடியாது. அதைக் கட்டியெழுப்பிய உழைப்பாளிகளுக்கு உரியது போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.