இருபத்தைந்து சுற்றுக்கு ஒரு சுற்று

கீழ்வேளூர் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேரும்வரை விவசாயிக்குத் தூக்கம் இல்லை. வந்த தண்ணீரை வயலுக்கு ஏற்றும் நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கி மோட்டார் கருகினால், அதைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டும் கடைக்கு ஓடவேண்டும். டெல்டாவில் அப்படி ஒரு கடை இல்லாத சிற்றூர் அரிது. கருகிய கம்பியை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, கேஜ் பார்த்து, புது எனாமல் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் தருவார் கடைக்காரர். எண்ணிக்கையில் பிசகினால் மோட்டார் மறுபடி கருகும் என்பதால் அவர் கை எண்ணிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கைகளை நம்பி இங்கே இன்னொரு சிறுதொழிலும் நடத்தலாம். வால்வு ஆம்ப்ளிஃபையர் செய்வதற்கான எல்லாப் பாகங்களையும் ஒரே பெட்டியில் போட்டு, வாங்குகிறவரே வீட்டில் பற்றவைத்துக் கட்டிக்கொள்ளும்படி ‘கிட்’டாக விற்பதுதான் அது. உலகின் பல நாடுகளில் ஓய்வுநேரத் தொழிலாக இதை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வால்வு என்றால் வீட்டில் ரேடியோ, தெருவில் மைக் செட். சுவிட்சைப் போட்டதும் பாடாது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து சூடேறிய பிறகுதான் திருச்சி வானொலியோ, கடல் தாண்டி வரும் இலங்கை வானொலியோ பேசத் தொடங்கும். கல்யாணப் பந்தலின் ஓரத்தில் இசைத்தட்டு சுழல, பக்கத்துத் தகரப் பெட்டிக்குள் 6எல்6, இ.எல்.34 போன்ற வால்வுகள் தணலாய் எரியும். தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அடுத்த ஊர்வரை சேதி சொல்லும். காந்தி பேசிய மேடைகளின் பழைய படங்களில் மைக்கின் மேல் ‘சிகாகோ ரேடியோ’ என்ற பெயர் தெரியும். பெயர்தான் சிகாகோ; நடத்தியது மோட்வானி என்ற சிந்திக் குடும்பம். அந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் வால்வில் ஓடியவை. பின்னாளில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமே ரேடியோ வால்வுகளைச் செய்தது. ‘பெல்’ என்று அச்சிட்ட அந்த வால்வுகளை இன்றும் வெளிநாட்டு ரசிகர்கள் தேடி வாங்குகிறார்கள். திருச்சி பெல் வேறு, இது வேறு.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் வால்வு வீட்டை விட்டு மெல்ல வெளியேறியது.

பிறகு ஏன் இன்றைக்கு அது? சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 4440 ஐ.சி. போர்டு சின்ன விலைக்கு நன்றாகவே பாடும். கருவி வைத்து அளந்தால் நல்ல ஐ.சி. போர்டில்தான் ஒலிச்சிதைவு குறைவு. வால்வு தன் சாயலையும் ஒலியோடு சேர்க்கிறது. அதில் மூலச் சுரத்தின் இரட்டிப்பு, அதாவது மேல் ஸ்தாயியில் அதே சுரம், தூக்கலாக இருப்பதால் காதுக்கு இதமாகப் படுகிறது. கிட் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: நாலைந்து இரவுகள் உட்கார்ந்து தானே பற்றவைத்த பெட்டி, முதல் முறை பாடும் அந்த நிமிடம். ஆகவே விற்கிறவர் ‘இதுதான் உலகத்திலேயே உயர்ந்த ஒலி’ என்று விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. செய்யவும் கூடாது.

தொடங்குகிறவருக்கு ஏற்றது இ.எல்.84 வால்வு. ஒற்றை வால்வு சர்க்யூட்டில் ஏறத்தாழ 5 வாட் தரும். நல்ல ஸ்பீக்கர் இருந்தால் வீட்டுக் கூடத்துக்கு அது தாராளம். முன்னால் இ.சி.சி.83 வால்வில் ஒரு பாதி. அதோடு சில ரெசிஸ்டர்கள், கெப்பாசிட்டர்கள், ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர். வால்வு தவிர இவையெல்லாம் கடைத்தெருவில் கிடைக்கும். கிடைக்காதது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கிட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இ.எல்.84 தன் எதிரே ஏறத்தாழ 5000 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625; அதன் வர்க்கமூலம் 25. பிரைமரியில் 25 சுற்றுக்கு செகண்டரியில் ஒரு சுற்று என்ற கணக்கில் கட்டினால் இரண்டும் ஒத்துப்போகும். கணக்கு இவ்வளவுதான், கட்டுவதில்தான் வித்தை. பிரைமரி முழுவதையும் சுற்றிவிட்டு அதன் மேல் செகண்டரியைச் சுற்றினால் தாளத்தின் கிண்கிணி மழுங்கிவிடும். இரண்டையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே இன்சுலேஷன் தாள்.

இன்னொரு விஷயம் பழகிய கைக்கே புதிதாக இருக்கும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் ‘ஈ’, ‘ஐ’ வடிவ ஸ்டாம்பிங்குகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி அடுக்குவார்கள். இதில் ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறுபக்கம், நடுவே ஒரு துண்டுக் காகிதம். ஒற்றை வால்வு சர்க்யூட்டில் காயில் வழியே ஏறத்தாழ 48 மில்லி ஆம்பியர் டி.சி. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் இரும்பு காந்தத்தால் நிறைந்து, தவில் சத்தம் வெறும் தட்டல் சத்தமாகிவிடும். காயில் கட்டும் கடைக்காரரிடம் இதை வரைந்து காட்டி, ஒன்று செய்து, கேட்டு, அவிழ்த்து, மறுபடி செய்து பார்க்கச் சில மாதம் பிடிக்கும். அந்தச் சில மாதம்தான் இந்தத் தொழிலின் உண்மையான முதலீடு.

1947-இல் இங்கிலாந்தின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டி.டி.என். வில்லியம்சன் எழுதிய 15 வாட் ஆம்ப்ளிஃபையர், வீட்டில் கட்டுகிறவர்களிடையே உலகமெங்கும் பரவியது. அதிலும் அவர் கடுமையாக நிபந்தனை விதித்தது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குத்தான். அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் முதலில் விற்றதும் டிரான்ஸ்ஃபார்மர்களே. பிறகு எட் லாரன்டுடன் சேர்ந்து 1955-இல் டைனாகோ நிறுவனத்தைத் தொடங்கினார். 1959-இல் வந்த அவர்களுடைய ஸ்டீரியோ 70 பக்கத்துக்கு 35 வாட் தந்தது. சிக்கலான போர்டை மட்டும் தொழிற்சாலையிலேயே கட்டி அனுப்பினார்கள். வாங்கியவர் மற்றதை இணைத்தால் போதும். 3 லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்வார்கள்.

வால்வுக் கருவி செய்யும் யோசனை தமிழ்நாட்டுக்கும் புதிதில்லை. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று கோவை ஜி.டி. நாயுடு 1941-இல் அறிவித்தார். இன்று டெல்லி லைரிட்டா ஆடியோ போன்றவர்கள் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைக் கையால் கட்டி விற்கிறார்கள். அவை கட்டி முடித்த பெட்டிகள்.

கிட் என்று வரும்போது டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த இடம் கையேட்டுக்கு. மிச்சிகனின் ஹீத் கம்பெனி, போரில் மிஞ்சிய பாகங்களை வைத்து 1947-இல் ஆஸிலாஸ்கோப் கிட் விற்கத் தொடங்கியது. அதன் புகழ் பாகங்களால் வந்ததல்ல, கையேட்டால் வந்தது. ஒரு வரிக்கு ஒரு வேலை. முடித்ததும் ஓரத்துக் கட்டத்தில் ஒரு டிக். தமிழில் அப்படி ஒன்று எழுதினால் எப்படி இருக்கும்? “பழுப்பு, கறுப்பு, மஞ்சள் கோடு போட்ட ரெசிஸ்டரை எடுக்கவும். இது 1 லட்சம் ஓம். ஒரு காலை 3-ஆம் முனையிலும் மறுகாலை 7-ஆம் முனையிலும் மாட்டவும். 7-ஐ மட்டும் இப்போது பற்றவைக்கவும்.” கடைசிப் பக்கத்தில் அளவுகள்: இ.எல்.84-இன் கேத்தோடில் 7 வோல்ட்டுக்குச் சற்று மேல் இருந்தால் சரி, மிக அதிகமாக இருந்தால் உடனே அணைக்கவும். பத்தாம் வகுப்புப் படித்த ஒருவரிடம் பெட்டியைக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். அவர் எங்கெல்லாம் தயங்குகிறாரோ அங்கெல்லாம் கையேட்டைத் திருத்தவேண்டும்.

நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற மாற்றமும் வேண்டும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் என்றால், பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்குவது அதற்கு ஆகாது. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் இரண்டு மூன்று டேப் எடுத்துவிட்டால், வாங்குகிறவர் தன் வீட்டு வோல்டேஜ் பார்த்து மாட்டிக்கொள்ளலாம்.

உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டி.சி. இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தேங்கி நிற்கும், ஆளைக் கொல்லும். அதை வடித்துவிடும் ரெசிஸ்டர், ஃபியூஸ், மூன்று முனை பிளக், சரியான எர்த் இவை நான்கும் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக்கூடாது. சில ரூபாய் ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்க நினைப்பவர் இந்தத் தொழிலுக்கே வரவேண்டாம்.

வியாபாரத்துக்கு முதல் முறை பத்துப் பெட்டி போதும். வால்வுகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வரவேண்டும். 2022-இல் போர் மூண்டதும் ரஷ்ய வால்வு வரத்து தடுமாறியதை நினைத்து, கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைப்பது நல்லது. பெட்டியில் ஒரு சின்ன ரெசிஸ்டர் போட மறந்தால் அதற்குத் தனியாகக் கூரியர் செலவு, கூடவே வாடிக்கையாளரின் மனக்கசப்பு. சரக்கு விற்பனைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை, ஆனால் பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி விற்றாலும் பதிவு கட்டாயம். பலர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு மச்சில் தாத்தா காலத்து மைக் செட் ஆம்ப்ளிஃபையர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருக்கலாம். ஆசைப்பட்டு நேராகக் கரண்டில் செருகவும் வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பழைய கெப்பாசிட்டர்களை மாற்றிவிட்டு, முதல் முறை சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு போட்டு ஏற்றச் சொல்லுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.